ஷாம்பு, சீயக்காய், வெறும் தண்ணீர்: சிங்கப்பூர்த் தலைக்கு எது?

ஷாம்புவை நிறுத்திவிட்டுச் சீயக்காய்க்கு மாறுபவர்கள் பலர் மூன்றாவது வாரத்திலேயே பழைய போத்தலைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். முடி வைக்கோல் மாதிரி வறண்டுவிட்டது என்பார் ஒருவர். பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்பார் இன்னொருவர். பொடுகு கூடிவிட்டது என்பார் மூன்றாமவர். மூன்று புகாருக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். தலையில் இருந்த அழுக்கு ஒன்று, அதற்குப் போட்ட மருந்து வேறொன்று.

ஊரில் சீயக்காய் தனியாக வந்ததில்லை. நல்லெண்ணெய் தேய்த்து ஊறிய தலைக்குத்தான் அது போனது. ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் ஓரிரு நாள் மட்டும். முடியின் மேல் எண்ணெய் இருந்ததால் சீயக்காய் அந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு முடியை விட்டுவிட்டது. சிங்கப்பூரில் நிலைமை வேறு. புவிமத்தியக் கோட்டுக்கு ஒரு பாகைதான் வடக்கே இருக்கிறோம். பகலில் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வெயில், சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பதற்குள் உச்சந்தலை நனைந்துவிடுகிறது, அலுவலகக் குளிரூட்டியில் காய்கிறது, மாலையில் மறுபடியும் நனைகிறது. எண்ணெயே வைக்காத, தினமும் வேர்க்கும் தலை இது. எண்ணெய்க் குளியலுக்கு ஏற்பட்ட பொருளை இந்தத் தலையில் தினமும் போட்டால் வறளாமல் என்ன செய்யும்?

எனவே எந்தப் பொடி நல்லது என்று கேட்பதற்கு முன், தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உச்சியில் விரலை அழுத்தித் தேய்த்து, அந்த விரலை ஒரு மெல்லிய காகிதத்தில் ஒற்றுங்கள். ஈரம் மட்டும் இருந்து, காய்ந்தபின் காகிதத்தில் ஒன்றும் தங்கவில்லை என்றால் அது வேர்வை. காய்ந்த பிறகும் கண்ணாடி போலத் தெரியும் கறை நின்றால் அது எண்ணெய். வெள்ளைச் செதில் உதிர்ந்தால் அது வேறு கதை. அதற்குப் பின்னால் வருவோம். ஜெல், மெழுகு, சிலிக்கோன் உள்ள கண்டிஷனர் போடுபவர்கள் காகிதம் பார்க்க வேண்டியதே இல்லை. அவை தலையில் இருக்கின்றன.

வெறும் தண்ணீர்

வேர்வை என்பது பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். தண்ணீரிலேயே கரைந்துவிடும். அதை எடுக்க ஷாம்புவும் வேண்டாம், சீயக்காயும் வேண்டாம். வார நாட்களில் சிங்கப்பூரர்கள் தினமும் போடும் ஷாம்புவில் பெரும்பகுதி இந்தக் காரணத்தாலேயே வீண்.

ஆனால் தண்ணீரில் அலசுவது என்றால் ஷவருக்கு அடியில் அரை நிமிடம் நிற்பதல்ல. குளிப்பதற்கு முன் அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், அதாவது உடல் சூட்டுக்குச் சற்றே மேல். முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் ஒரு நிமிடம் விரல் நுனியின் சதையால், நகம் படாமல், தோலை நகர்த்தித் தேய்க்க வேண்டும். பின்கழுத்துக்கு மேலும் காதுக்குப் பின்னாலும் கூடுதல் நேரம் கொடுங்கள். வாடை முதலில் கிளம்புவது அங்கிருந்துதான். ஆக நான்கைந்து நிமிடம்.

இங்கே ஒரு வசதி உண்டு. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்த் தண்ணீர், தமிழ்நாட்டின் பல ஊர்களில் வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் போல உப்புக் கனத்தது அல்ல. கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் தலையின் எண்ணெயோடு சேர்ந்து மெழுகு போலப் படியும். இங்கே அந்தத் தொல்லை குறைவு. இங்கே தண்ணீரிலேயே நன்றாக இருந்த முடி, விடுமுறைக்கு ஊருக்குப் போன பத்தே நாளில் கனத்துப்போனால் முறையைக் குறை சொல்லாதீர்கள், கிணற்றைப் பாருங்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? குட்டை முடி உள்ளவர்களுக்கு, தேசிய சேவையில் இருக்கும் இளைஞர்களுக்கு, எண்ணெய் அதிகம் சுரக்காத தலைக்கு முழுமையாகப் பொருந்தும். தோள் தாண்டிய முடிக்கு வார நாட்களில் மட்டும் போதும். உச்சியில் எண்ணெய் வழியும் தலைக்கு இது மட்டும் போதாது. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்ற பள்ளிப் பாடத்தை எந்த இயற்கை முறையும் மாற்றிவிட முடியாது.

“சில வாரம் பொறுத்தால் தலை தானாக எண்ணெய் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும்” என்று இந்த முறையை விரும்புகிறவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அதை நம்பி ஆறு வாரம் பிசுக்கோடு அலைய வேண்டாம். மயிர்க்கால்களின் எண்ணெய்ச் சுரப்பிகளை ஆட்டிவைப்பது ஹார்மோன்கள். மேலே எதைப் போட்டுக் கழுவினோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்த வாரங்களில் உண்மையில் மாறுவது உங்கள் கைப்பழக்கம். அலசவும் சீவவும் கற்றுக்கொள்கிறீர்கள், பழைய சிலிக்கோன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும்

எண்ணெய் வைத்த தலைக்கு, அல்லது தானாகவே எண்ணெய் ஊறும் தலைக்கு, உண்மையில் வேலை செய்யும் இயற்கைப் பொருள்களில் முதன்மையானவை இவை இரண்டும்தான். இரண்டிலும் இருப்பது சபோனின். ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். நுரைக்கும் காரணம் அதுவே. ஷாம்புவின் சலவைப்பொருளும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஆகவே “இதில் ரசாயனம் இல்லை” என்பது சரியான பேச்சல்ல. மென்மையான ரசாயனம், அவ்வளவே. அளவு மீறினால் இதுவும் வறட்டும்.

சீயக்காயில் நுரை குறைவு, கரைசல் லேசான புளிப்புத் தன்மை கொண்டது. தலைத்தோலின் இயல்பான பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5. எண் குறைந்தால் அமிலம் அதிகம். முடித்தண்டு அதைவிடவும் அமிலத் தன்மை உடையது, 3.7 அளவு. லேசான அமிலத்தில் முடியின் மேற்செதில்கள் படிந்து கிடக்கும், சிக்கு குறையும். பூந்திக்கொட்டையில் நுரையும் அதிகம், எண்ணெய் எடுக்கும் வலுவும் அதிகம். நல்லெண்ணெய் தாராளமாக வைத்தவர்களுக்கு அது. தனியாகப் பயன்படுத்தினால் நீண்ட முடியின் நுனி வறளும். இரண்டையும் கலப்பதே பெரும்பாலோருக்குச் சரி.

இனி பொடியா, முழுக் காயா என்ற கேள்வி. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் முழுக் காயை வாங்கிக் கொதிக்கவைத்து, வடிகட்டிய நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். பொடி என்பது முற்றத்தில் உட்கார்ந்து சொம்பு சொம்பாக ஊற்றிக் குளித்த காலத்துப் பழக்கம். ஷவர் தண்ணீரில் பொடியின் திப்பி தலையை விட்டு முழுதாகப் போகாது. காய்ந்தபின் தோளில் உதிரும், அதைப் பொடுகு என்று நினைத்துப் பயப்படுவோம். வீட்டு மிக்ஸியில் எவ்வளவு அரைத்தாலும் காயின் நார் முள் மாதிரி நிற்கும், தோலைக் கீறும். அந்தத் திப்பி முடியோடு சுருண்டு குளியலறைத் தரைத் துளையை அடைத்துக்கொள்ளும். பொடி பறந்து மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் அதை டப்பாவிலிருந்து கொட்டுவதே ஆபத்து. வடிகட்டிய நீரில் இந்த நான்கு தொல்லையும் இல்லை.

தேக்காவிலும் சிராங்கூன் சாலையை ஒட்டிய மளிகை, நாட்டு மருந்துக் கடைகளிலும் இரண்டும் கிடைக்கும். சீயக்காய் வாங்கும்போது காய் பழுப்பாக, உடைத்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது; இந்த ஊர் ஈரப்பதத்தில் அது சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பூந்திக்கொட்டையின் தோல் சுருங்கி, தொட்டால் லேசாகப் பிசுக்க வேண்டும். கொட்டை நீக்கிய தோலாகவே வாங்குங்கள். கறுப்புக் கொட்டையால் பயனில்லை, எடைதான் கூடும்.

தோளளவு முடிக்கு, இரண்டு முறை தலைக்குக் குளிக்க: சீயக்காய் 25 கிராம், பூந்திக்கொட்டைத் தோல் 6, தண்ணீர் 700 மில்லி. இரவே ஊறப்போடுங்கள். பாத்திரத்தை மூடிவையுங்கள், இங்கே கொசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. காலையில் அதே நீரோடு அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. பூந்திக்கொட்டை பால் மாதிரிப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். இரும்புச் சட்டியில் வைத்தால் சீயக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து நீர் மை மாதிரிக் கறுக்கும், துண்டிலும் தலையணையிலும் கறை ஏறும். ஆறியபின் கையால் நன்றாகப் பிசைந்து, மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். சுமார் 500 மில்லி கிடைக்கும். திப்பியைத் தரைத் துளையில் விடாமல் குப்பையில் போடுங்கள்.

இந்த நீருக்கு ஆயுள் குறைவு. 30 பாகை வெப்பத்தில் வெளியே வைத்தால் மறுநாளே புளித்துப்போகும். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இரண்டு மாதம் இருக்கும். தலைக்குக் குளிக்கும் நாளில் எட்டுக் கட்டிகளை எடுத்து வெந்நீரில் கரைத்தால் வேலை முடிந்தது. வேலைக்குப் போகிறவர்கள் இந்த முறையில் நிலைத்து நிற்பதற்கு அந்தத் தட்டுதான் காரணமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் காய்ச்ச வேண்டும் என்று இருந்தால் மூன்றாவது சனிக்கிழமை ஷாம்பு போத்தல் திறந்துவிடும்.

குளிக்கும் முறை: எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுக்க எண்ணெயோடு படுப்பது இந்த ஊருக்கு ஆகாது. நெற்றியிலும் பிடரியிலும் பரு வரும். பிறகு முடியை வெந்நீரில் நன்றாக நனைத்து, சாஸ் ஊற்றும் கூர்மூக்குப் போத்தலில் நிரப்பிய கரைசலை உச்சி முதல் வகிடு வகிடாக 120 மில்லி அளவு விடுங்கள். இரண்டு நிமிடம் தேய்த்து அலசுங்கள். மறுபடியும் 120 மில்லி. முதல் தடவையில் நுரை வராது, வரவும் கூடாது. அது எண்ணெயைப் பிடிக்கும் வேலையில் இருக்கிறது. இரண்டாம் தடவையில் லேசாக நுரைத்தால் எண்ணெய் போய்விட்டது. கடைசியில் மூன்று நிமிடம் முழு அலசல்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூந்திக்கொட்டை நீர் கண்ணில் பட்டால் ஷாம்புவைவிட மோசமாக எரியும். கண்ணின் மேற்பரப்பையே புண்ணாக்கும். தலையைப் பின்னால் சாய்த்தே ஊற்றுங்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள், உறுத்தல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு வெறும் தண்ணீரும், எண்ணெய் வைத்த நாளில் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டும் போதும்.

மாவு, இலை, கஞ்சி

பாசிப்பயற்று மாவும் கடலை மாவும் எண்ணெயை உறிஞ்சி எடுக்கின்றன. குட்டை முடிக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் தளரக் கரைத்துத் தடவலாம். கொதிக்கும் நீரில் கரைத்தால் மாவு வெந்து பசையாகிவிடும், பிறகு முடியை விட்டுப் பிரியாது. நீண்ட முடிக்கு எவ்வளவு அலசினாலும் எங்காவது ஒட்டிக்கொண்டு, ஈரக் காற்றில் மறுநாள் புளித்த வாடை வரும். வடித்த கஞ்சியில் சீயக்காய் கரைக்கும் பழக்கத்துக்கும் இதே சிக்கல். வெயிலில் முடியைக் காயவைத்த ஊரில் அது சரியாக இருந்தது.

செம்பருத்தி இலையை அரைத்த தாளியும் வெந்தயமும் அழுக்கை எடுப்பவை அல்ல. அவற்றின் வழுவழுப்பு முடியை வழுக்கச் செய்து சிக்கு எடுக்கும். கண்டிஷனர் என்றே அவற்றைக் கணக்கில் வையுங்கள். வெந்தயத்தின் மணம் இரண்டு நாள் தலையில் நிற்கும், எம்ஆர்டியில் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். செம்பருத்தியை வீட்டு நடைபாதையில் தொட்டியில் வளர்க்கலாம், சமூகத் தோட்டத்தில் கேட்டு வாங்கலாம். பூங்காவில் பறிப்பது இங்கே குற்றம். கொங்குநாட்டு அரப்பு, அதாவது உசிலை இலைப் பொடி, சீயக்காயைவிட மென்மையானது. எண்ணெய் குறைவான தலைக்கு நல்லது. பொடியாக மட்டுமே கிடைப்பதால் துணியில் முடிந்து வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

சமையல் சோடாவும் எலுமிச்சையும்

சமையல் சோடாவில் கழுவி வினிகரில் அலசும் முறை இணையம் வழியாக இங்கும் பரவியிருக்கிறது. இதைச் செய்யாதீர்கள். சோடாக் கரைசலின் பிஎச் 8-க்கு மேல். முடியின் மேற்செதில்கள் கிளம்பி ஒன்றோடொன்று உரசும், வாரம் வாரம் கொஞ்சம் தேயும். முதல் மாதம் தலை பளிச்சென்று இருப்பதுதான் இதில் ஏமாற்றம். மூன்றாவது மாதம் நுனி பிளந்து ஒடியும். ரீபாண்டிங் செய்து நேராக்கிய முடியும் சாயம் போட்ட முடியும் இன்னும் முன்னதாகவே ஒடியும். அந்த முடியின் உள்கட்டு ஏற்கெனவே ஒரு முறை ரசாயனத்தால் பலவீனமானது. பின்னால் ஊற்றும் வினிகர் காரத்தைச் சமன் செய்யும், தேய்ந்த செதிலை ஒட்டவைக்காது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குமிழி வரும், அவ்வளவுதான். மிஞ்சுவது உப்புத் தண்ணீர் போன்ற ஒன்று.

வினிகர் தனியாக நல்லதே. சீயக்காய் குளியலுக்குப் பின் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, மாதம் இரண்டு முறை, ஊற்றி உடனே அலசிவிடுங்கள். சோப்புக் கட்டியால் தலை கழுவுகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சோப்பு முழுதும் போகுமுன் வினிகர் பட்டால் சோப்பு உடைந்து கொழுப்பாகப் பிரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கக் கடைசியில் ஷாம்புதான் வேண்டியிருக்கும். வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் சுட்ட புண் மாதிரிக் கொப்புளித்து, கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும் ஊர் இது.

ஷாம்புவை விடக் கூடாதவர்கள்

பொடுகு இருப்பவர்கள். தலைத்தோலில் எல்லோருக்கும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட், தோலின் எண்ணெயைத் தின்று பெருகும்போது வருவது பொடுகு. தேங்காய் எண்ணெயும் அதற்கு உணவுதான். பொடுகுத் தலையில் எண்ணெய் தேய்த்து ஊறவைப்பது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது. இவர்களுக்குக் கீட்டோகொனசோல் 2 விழுக்காடு உள்ள மருந்து ஷாம்பு, வாரம் இருமுறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலசி, இரண்டு முதல் நான்கு வாரம். மருந்தகத்தில் கேளுங்கள். செதில் தடித்து, சிவந்து, காது வரை இறங்கினால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். சீயக்காய் அங்கே நேரத்தைக் கடத்தும்.

தினமும் ஜெல், மெழுகு போடுபவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. சீயக்காய் அவற்றை முழுதாக எடுக்காது. நரை முடியைச் சாயமில்லாமல் வெள்ளையாக வைத்திருக்க விரும்புகிறவர்களும் யோசிக்க வேண்டும், சீயக்காயின் துவர்ப்பால் லேசான பழுப்பு ஏறலாம்.

ஷாம்புவே தொடர்வது தோல்வி அல்ல. வாரம் ஏழு முறையை இரண்டாக்கி, மற்ற நாட்களில் தண்ணீரில் அலசினாலே பாதிப் பலன் கிடைத்துவிடும். உள்ளங்கை நிறைய ஷாம்புவைக் கொட்டுவோர் உண்டு; ஒரு தேக்கரண்டியைக் கால் குவளைத் தண்ணீரில் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் விட்டால் போதும், வழியும் நுரையே நுனியைக் கழுவிவிடும். “சீயக்காய் ஷாம்பு” என்று எழுதிய போத்தலைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள்கள் அளவில் அதிகமானது முதலாக வரிசைப்படும். தண்ணீருக்கு அடுத்துச் சோடியம் லாரெத் சல்பேட் இருந்து, சீயக்காய் வரிசையின் வாலில் இருந்தால் அது ஷாம்புதான். ஷாம்புவாகப் பயன்படுத்துங்கள்.

ஆறு, கடல் கெடாமல் இருக்க ஷாம்புவை விடுவதாகச் சொல்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் குளியலறைத் தண்ணீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்கே போகிறது. அந்த வாதம் இங்கே பலவீனம். பிளாஸ்டிக் போத்தல் குறையும் என்பது சரியான காரணம். எரித்த குப்பையின் சாம்பல் போய்ச் சேரும் செமக்காவ் தீவில் இடம் அளவோடுதான் இருக்கிறது.

மாறும் வாரங்கள்

முதல் நாள், சிலிக்கோன் இல்லாத சாதாரண ஷாம்புவால் இருமுறை கழுவிப் பழைய படலத்தை எடுத்துவிடுங்கள். கண்டிஷனரை அன்றே நிறுத்துங்கள். முந்தைய நாள் கரைசலை முழங்கை மடிப்பில் தடவி 24 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். அரித்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை. பிறகு வாரத்தில் ஒரு நாள் எண்ணெயும் கரைசலும், ஒரு நாள் எண்ணெயில்லாமல் பாதியளவு தண்ணீர் கலந்த கரைசல், மற்ற நாட்களில் தண்ணீர். காய்ந்தபின் முடி கரகரத்தால் பூந்திக்கொட்டையை ஆறிலிருந்து மூன்றாகக் குறையுங்கள். பிசுக்குத் தங்கினால் முதலில் எண்ணெயைப் பாதியாக்குங்கள், கரைசலைக் கூட்டாதீர்கள்.

எந்த முறையானாலும் ஈரத்தலையோடு படுக்காதீர்கள். வேலை முடிந்து இரவு ஒன்பதுக்குத் தலைக்குக் குளிப்பவர்களின் அடர்ந்த முடி பதினொன்றுக்கும் உள்ளே காய்ந்திருக்காது. காற்றாடிக்கு அடியில் முடியை விரித்து, வேர் காய்ந்த பின் படுங்கள். முக்காடு அணிபவர்களும் தலைக்கவசம் போடுபவர்களும் மூடுவதற்கு முன் விரலை வேர்வரை விட்டுப் பார்க்க வேண்டும். “இயற்கை முறையில் தலை நாறுகிறது” என்ற புகாரின் மூலம் பல நேரம் இந்த ஈரம்தான்.

இன்னொன்றுக்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தினமும் கழுவியபோது அது தினமும் போனது, கண்ணில் படவில்லை. வாரம் இருமுறை மட்டும் தேய்த்துக் குளித்தால் மூன்று நான்கு நாள் முடி ஒரே நேரத்தில் கையில் வரும், துளையின் மேல் ஒரு பந்தாகக் கிடக்கும். அதைப் பார்த்துச் சீயக்காயைக் குற்றம் சொல்லுமுன், சீப்பில் வருவதையும் சேர்த்து ஒரு வாரத்து முடியை ஓர் உறையில் போட்டு எண்ணி, ஏழால் வகுத்துப் பாருங்கள். நூறைத் தாண்டி மூன்று வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே கேட்கப்போகும் முதல் கேள்விகள் இரும்புச் சத்து, தைராய்டு, மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் ஆகியவற்றைப் பற்றி இருக்கும்.